பட்டாளத்துக் கோயிலின் முன்வாசல்

பல்கலைக்கழகம் தன் புது அரங்கத்தின் திறப்பு விழாவுக்கு ஒரு மலர் அச்சிட்டது. அதில் எங்கள் பழைய ஆலயத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. கட்டிய ஆண்டு, கட்டிய ரெஜிமென்ட், கூரையின் உயரம், மேடையின் அகலம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. முன்வாசல் என்ன ஆயிற்று என்பது மட்டும் இல்லை. அந்த வாசலில் என் குடும்பத்தின் பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் அரைகுறையாகச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

பரிசுத்த பர்னபா ஆலயம் என்பது அதன் பெயர். கன்டோன்மென்ட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பட்டாளத்துக் கோயில் என்றால்தான் ஜட்காக்காரனுக்குத் தெரியும். 1868ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் துப்பாக்கியைச் சாய்த்து வைக்க அரைவட்டமாக வெட்டியிருப்பார்கள். ஆராதனைக்கும் துப்பாக்கியோடுதான் வரவேண்டும் என்பது அந்நாளைய உத்தரவு. காலையில் அவர்கள் ஆராதனை. மாலை நாலு மணிக்குத் தமிழ் ஆராதனை. சமையற்காரர், குதிரைக்காரர், ஆயா, குமாஸ்தா என்று எங்கள் ஜனங்கள் வடக்கே இருந்த பக்கவாசல் வழியாக வந்து கடைசி எட்டு வரிசையில் உட்காருவார்கள். மேற்கே இருந்த முன்வாசல், இரண்டாள் உயரத் தேக்குக் கதவு, அவர்களுக்கு மட்டும்.

என் தகப்பனார் அப்பாதுரை ஆபீசர்ஸ் மெஸ்ஸில் ஹெட் பட்லர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், கீழே பதினாறு பேர். 1936ல் அந்த ஆலயத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது, ஒரு நாளைக்கு முன்வாசலைத் திறக்க வேண்டுமென்று பட்டாளத்துப் போதகரான சாப்ளினிடம் மனு கொடுத்தார். சாப்ளின் மரியாதையாகவே மறுத்தார். நானும் என் மனைவியும் பக்கவாசல் வழியாகப் போனோம். 1944ல் என் தகப்பனார் இறந்தார். பக்கவாசலில் மூன்று படியும் ஒரு திருப்பமும் உண்டு. அவர் பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. அந்தப் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்திருந்தவன் நான்.

1947ல் கடைசிப் பட்டாளம் கப்பலேறியது. ஆலயம் தமிழ்ச் சபைக்கு வந்தது. முதல் ஞாயிறு காலையில் முன்வாசல் கதவின் ஒரு பக்கத்தை நான் தள்ளினேன், மறுபக்கத்தை ஓஸ்வால்ட் தள்ளினார். ஓஸ்வால்ட் ரயில்வேயில் கார்டு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் ஒரே மகள் நோராவுக்கு அப்போது எட்டு வயது. அவள் கையைப் பிடித்து அந்த வாசல் வழியாக நடத்தி, நீ மணப்பெண்ணாக வருவதும் இதே வாசல் வழியாகத்தான் என்று சொன்னேன். சபையார் கேட்கத்தான் சொன்னேன்.

அடுத்த வருஷம் என்னைச் சபைக் கமிட்டியின் காரியதரிசியாக்கினார்கள். ராணுவ ஆடைக் கிடங்கில் நான் சூப்பிரண்டெண்ட். விதியை விதியாக நடத்தத் தெரிந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். பதினேழு வருஷம் அப்படியே நடத்தினேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். ஓலை என்பது, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை உள்ளவர் எழுந்து சொல்லலாம் என்று ஆராதனையில் படிக்கும் அறிவிப்பு. பெண்ணின் சபையிலும் படிக்க வேண்டும், மாப்பிள்ளையின் சபையிலும் படிக்க வேண்டும். யாராவது எழுந்துவிட்டால் விசாரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மூன்று ஞாயிறு. பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்கினால் ஓலை இல்லாமலே கல்யாணம் செய்யலாம். ஆனால் அப்படி வாங்குகிறவர்களுக்கு ஏதோ அவசரம் என்று ஊர் நினைக்கும். எங்கள் சபையில் லைசென்ஸ் கல்யாணம் நடக்க நான் விட்டதில்லை.

1958ல் ஓஸ்வால்டின் மூத்த மகளுக்குத் தபசு காலத்தில் கல்யாணம் வைக்க வேண்டிவந்தது. மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர். ஈஸ்டருக்கு முன் பம்பாயில் கப்பலேற வேண்டும். கமிட்டியில் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால் விலக்குக் கொடுக்கலாம் என்றார் போதகர். நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினாள். ஓஸ்வால்ட் கமிட்டியிலிருந்து விலகவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. கூட்டத்தில் ஏதாவது கேட்க வேண்டுமானால் போதகரைப் பார்த்துக் கேட்பார்.

இதற்கிடையில் சபை சுருங்கிக்கொண்டு வந்தது. வேலையைத் தொடர்ந்து ஜனங்கள் லிங்கராஜபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். எழுநூறு பேர் உட்காரும் கட்டடத்தில் அறுபது பேர் உட்கார்ந்தோம். உத்தரத்தைக் கறையான் தின்றது, மழைக்காலத்தில் பெஞ்சுகளை நகர்த்திப் போட்டோம். அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஏற்பட்ட பல்கலைக்கழகம் சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் ஓர் அரங்கம் தேடியது. உள்ளே ஒருவர் மெதுவாகப் பேசினாலும் மூலை வரை கேட்கும் கட்டடம் எங்களுடையது. பிஷப் சம்மதித்தார். தீர்மானத்தை எழுதியவன் நான். கிழக்கே பலிபீடம் இருந்த இடத்தில் எந்நாளும் கூத்து நடக்கக்கூடாது, மேடையை வேறு பக்கம்தான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தவனும் நான். 1965 மார்ச் 28, ஞாயிறு, கடைசி ஆராதனை. இனி இது ஆலயமல்ல என்ற பத்திரத்தை அன்று பிஷப் வாசிப்பார். 31ஆம் தேதி சாவியை ஒப்படைக்க வேண்டும்.

நோராவின் கல்யாணத்தை அதற்கு முன்பே முடித்துவிட ஏற்பாடு செய்தேன். மாப்பிள்ளை டென்சில், டெலிபோன் ஃபாக்டரியில் டிராஃப்ட்ஸ்மேன், லிங்கராஜபுரம். தகப்பன் இல்லை. தாயார் பிரிஜெட்டம்மாள் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரி 7, 14, 21 மூன்று ஞாயிறும் ஓலை. 24ஆம் தேதி கல்யாணம். மார்ச் 3ஆம் தேதி தபசு காலம் ஆரம்பம். கணக்கில் பிசகே இல்லை.

முதல் இரண்டு ஞாயிறும் லிங்கராஜபுரத்தில் ஓலையை எப்படி வாசித்தார்கள் என்று எனக்குச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்குப் பாட்டனார் வரை பட்டத்தோடு வாசித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம், "ஆஸ்டின் டவுன் ஞானசேகரன் மகள் நோரா" என்பதோடு சரி. திருவும் இல்லை, உத்தியோகமும் இல்லை. என் தகப்பனார் பெயரே இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது. 21ஆம் தேதி நானே அங்கே போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். அன்றும் அப்படியே வாசித்தார்கள். தடை உள்ளவர் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"ஒரு திருத்தம் இருக்கு. பெண்ணோட பாட்டனார் பெயர் விடுபட்டிருக்கு" என்றேன்.

போதகர் வயதில் சின்னவர். புத்தகத்தை மூடிவிட்டு, இது தடையா இல்லையா என்று தம்மால் இந்த இடத்தில் தீர்க்க முடியாது, ஓலையை நிறுத்துகிறேன் என்று சொல்லி அடுத்த பாட்டைக் கொடுத்தார். பதினேழு வருஷமாக அந்த விதியை நடத்தியவன் நான். எழுந்து நின்ற இடம் எதுவென்று உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாலை பிரிஜெட்டம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை.

"சம்பந்தி, நீங்க சொன்னது நாலாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பின்னால இருந்தவங்களுக்கு நீங்க எந்திரிச்சு நின்னது மட்டும்தான் தெரியும். பொண்ணைப் பெத்தவரே தடை சொல்லிட்டார்னு லிங்கராஜபுரம் பூரா பேச்சு."

போதகரிடம் எழுதிக் கொடுத்து மூன்றாம் ஓலையை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லலாம் என்றேன். பிரிஜெட்டம்மாள் கேட்கவில்லை. மூன்று ஞாயிறும் முதலிலிருந்து சுத்தமாக வாசித்தாக வேண்டும், இல்லாவிட்டால் எதையோ மூடி மறைத்ததாகப் பேசுவார்கள் என்றார். லைசென்ஸ் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் சொன்னது நியாயம். என் வீட்டுக்கு அப்படி நேர்ந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மறுபடி மூன்று ஞாயிறு என்றால் பிப்ரவரி 28, மார்ச் 7, மார்ச் 14. தபசு காலத்துக்குள் போய்விடும். ஈஸ்டர் ஏப்ரல் 18. அதற்குள் ஆலயம் கைமாறிவிடும்.

நோரா என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு லிங்கராஜபுரத்திலேயே வைத்துக்கொள்ளலாம் அப்பா, கோயில் எதுவானால் என்ன என்றாள். என் மனைவி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"நான் பக்கவாசல்லதானே வந்தேன். என்ன கொறைஞ்சு போயிட்டேன்?"

ஆனால் என் தகப்பனாரின் மனு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வாசல் எங்கள் கைக்கு வந்து பதினெட்டாம் வருஷம், என் வீட்டிலிருந்து ஒருத்தி அதன் வழியாக மணப்பெண்ணாகப் போகவில்லை என்றால், அந்த மனுவை நான் யாருக்காக வைத்திருக்கிறேன்?

முதலில் பல்கலைக்கழக என்ஜினியரிடம் போனேன். ஸ்ரீகண்டன் என்று பெயர், மல்லேஸ்வரத்துக்காரர். ஆலயத்தின் வெளியே நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். ஒப்படைப்பை ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஆகல்ல சார். ஏப்ரல் ஒண்ணாந்தேதி முதல் வேலையே இந்த வாசல்தான்" என்று முன்வாசலைக் காட்டினார். "இங்க செங்கல் கட்டி மூடறோம். மேடை இதுமேல வருது."

முன்வாசலின் மேல் ஏன் வருகிறது என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

"கிழக்குப் பக்கம் மேடை கூடாதுன்னு உங்க சர்ச்சே கண்டிஷன் போட்டிருக்கே. அப்ப மேற்குதானே சார் மிச்சம்? ஜனங்க எல்லாம் அந்த வடக்கு வாசல்ல வருவாங்க. அகலம் பண்ணிக் குடுத்துடுவோம், கவலைப்படாதீங்க."

செங்கல் வேலியோரம் ஏற்கெனவே இறக்கியிருந்தது. ஆகவே நோரா அந்த வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் தபசு காலத்துக்குள்தான் போக வேண்டும். அதற்குக் கமிட்டியில் ஐந்து கையெழுத்து வேண்டும். மூன்று பேர் அன்றே போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் 1958லும் போடத் தயாராக இருந்தவர்கள். நாலாவது கையெழுத்து என்னுடையது. ஐந்தாவது ஓஸ்வால்டுடையது.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து தம் கார்டு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிடையராகி நாலு வருஷம் ஆகியும் வாரம் ஒருமுறை துடைப்பாராம்.

"வாங்க செக்ரட்ரி சார். நம்ம வாசல் சின்னது. குனிஞ்சு வரணும்" என்றார்.

குனிந்துதான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆஸ்டின் டவுனில் தெரியாதவர் இல்லை.

"ரூல்ல இதுக்கு எடம் இருக்கா?" என்று கேட்டார்.

"அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டா இருக்கு."

"அந்த எடம் அம்பத்தெட்டுல எங்க போயிருந்துச்சு?"

"அப்பவும் இருந்தது. நான்தான் குடுக்கல."

அவர் விளக்கைக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி அரிசி புடைக்கிற சத்தம் நின்றுபோயிற்று. மகளின் கல்யாணப் படம் சுவரில் மாட்டியிருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் நடையில் எடுத்தது. பின்னால் யாரோ ஒரு பியூன் கோப்புக் கட்டோடு நிற்கிறான். அவர் அந்தப் படத்தைக் காட்டவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

"தாளைக் குடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். "இது நோராவுக்கு. அவ என் பொண்ணோட சண்டே ஸ்கூல்ல ஒண்ணா உக்காந்தவ. உங்களுக்கு இல்ல."

"எனக்கு வேணாம்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கையெழுத்துக் கிடைத்துவிட்டது, விதிப்படி காரியம் முடிந்தது. ஆனால் அவர் மகளுக்கு நான் மறுத்த அதே சலுகையை என் மகளுக்குச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டேன் என்று பெயர் வரும். வந்தால் அது பொய்யும் அல்ல. என் தகப்பனார் பதினாறு பேருக்கு மேலே இருந்தவர். மற்றவருக்கு இல்லாததைத் தம் தட்டில் வைத்துக்கொண்டதில்லை.

மார்ச் 14ஆம் தேதி எங்கள் ஆலயத்தில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உள்ளவர் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோது சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அசையவில்லை. பிரசங்கம், காணிக்கை, கடைசி ஜெபம், ஆசீர்வாதம் எல்லாம் முடியும் வரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்தேன். 1958ல் சகோதரர் ஓஸ்வால்டின் மகளுக்கு இந்த ஆலயத்தில் கல்யாணம் நடக்காமல் போனதற்குக் கமிட்டியோ போதகரோ காரணமில்லை, நான் ஒருவன்தான் காரணம், அது தவறு, அதை நடவடிக்கைப் புத்தகத்திலும் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். மூன்று வாக்கியம். அந்தக் கட்டடத்தில் மெதுவாகச் சொன்னாலும் மூலை வரை கேட்கும் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

ஓஸ்வால்ட் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். அவர் மனைவி மட்டும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

27ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். தபசு காலம் என்பதால் பீடத்தில் பூ இல்லை, ஆர்கன் இல்லை, மணி அடிக்கவில்லை. சாப்பாடு சாம்பாரும் பாயசமும்தான். பிரிஜெட்டம்மாள் தம் பக்கத்திலிருந்து முப்பது பேருக்கு மேல் அழைத்து வரவில்லை. எனக்காகவே லிங்கராஜபுரத்தில் ஓலையைப் பாட்டனார் பெயரோடு வாசிக்கச் செய்ததாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

முன்வாசல் கதவின் ஒரு பக்கத்தைத் தள்ளப் போனேன். மறுபக்கத்துக்கு டென்சிலின் நண்பன் ஒருவனைச் சொல்லி வைத்திருந்தேன். அவனை விலக்கிவிட்டு ஓஸ்வால்ட் வந்து நின்றார்.

"தள்ளுங்க செக்ரட்ரி. அப்ப மாதிரி ஆள் இப்ப இல்ல நாம, சேர்ந்து தள்ளணும்" என்றார். ஏழு வருஷத்தில் அவராக என்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. நோரா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். வெறும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பாதி தூரம் போனபோதுதான் என் மனைவி எங்களோடு முன்வாசலில் வரவில்லை என்று கவனித்தேன். அவள் வடக்குப் பக்கவாசலின் மூன்று படியேறி வந்து, எங்களுக்கு முன்பே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டதற்கு, எனக்கு அது பழக்கம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பிஷப் பத்திரத்தை வாசித்தார். பலிபீடத்துக் கல்லையும் ஞானஸ்நானத் தொட்டியையும் லிங்கராஜபுரத்துக்கு ஏற்றி அனுப்பினோம். புதன்கிழமை ஸ்ரீகண்டனிடம் சாவியைக் கொடுத்து ரசீது வாங்கினேன். வியாழக்கிழமை கொத்தனார்கள் முன்வாசலைக் கட்ட ஆரம்பித்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அரங்கத்தை 1966 ஆகஸ்டில் திறந்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் உத்தியோகத்தோடு சரியாக அச்சாகியிருந்தது. வடக்கு வாசலை அகலப்படுத்தியிருந்தார்கள். படி மூன்றும் அப்படியே இருந்தன. துணைவேந்தரும் மந்திரியும் மற்ற எல்லோரும் அந்தப் படியேறித்தான் வந்தார்கள். பெஞ்சுகளை அப்புறப்படுத்தவில்லை, மேடை மேற்கே வந்துவிட்டதால் எல்லாவற்றையும் அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஆகவே முன்பு கடைசியாக இருந்த எட்டு வரிசையும் இப்போது மேடைக்கு அருகில், விருந்தாளிகளுக்கு. எனக்கு இரண்டாம் வரிசை. ஓஸ்வால்ட் என் பக்கத்தில் இருந்தார்.

"எங்கப்பா உக்காந்த எடம் இது. இப்ப இதுக்கு இன்விடேஷன் கேக்கறான்" என்றார்.

வீணைக் கச்சேரி முதலில், பிறகு மாணவர்களின் கன்னட நாடகம். மழைநாள் என்பதால் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் துப்பாக்கி வெட்டுகளில் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரை விலகியபோது மேடையின் பின்சுவரைப் பார்த்தேன். பூசி வெள்ளையடித்துவிட்டார்கள்; அங்கே ஒரு வாசல் இருந்தது என்று தெரியாதவருக்குத் தெரியாது.

கல்யாணப் பதிவேடு இப்போது லிங்கராஜபுரம் சபையில் இருக்கிறது. நோராவின் பெயருக்கு நேரே 1965 மார்ச் 27 என்று போட்டிருக்கும். தபசு காலத்துத் தேதி. புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு வேலை வைக்க வேண்டாமென்று இங்கேயே எழுதிவிட்டேன். அந்த வாசல் வழியாக மணப்பெண்ணாகப் போன கடைசிப் பெண் அவள். அப்பாதுரையின் பேத்தி.